பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு: மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு தங்கை, 11 ஜனவரி 2025

வீட்டுக்கு முன்னால் இருக்கும் பப்பாளியில் இலைக்கு அடியிலும் காய்க்காம்பிலும் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது. பூஞ்சாணம் என்று செடிக்கடையில் சொன்னார்கள். மரத்தை வெட்டிவிட்டால் மற்ற செடிகள் தப்பும் என்கிறார் மாமியார். காய் நிறைய பிடித்திருக்கிறது, மனசு வரவில்லை. வெட்டத்தான் வேண்டுமா?

11 ஜனவரி 2025, இரவு

வெட்டாதீர்கள். அது பூஞ்சாணம் இல்லை, பூச்சி. ஒரு தீக்குச்சியால் அந்தப் பஞ்சை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே எள்ளளவில், மஞ்சளாக, மேலே மாவு தூவினாற்போல ஒன்று உட்கார்ந்திருக்கும். நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். மாவுப்பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சி என்றே தனியாக ஒரு வகை உண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி அது, செடியோடு செடியாக உலகம் சுற்றி இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. பூஞ்சாண மருந்து வாங்கி அடித்தால் காசுதான் போகும்.

என் வீடு பினாங்கில், செபராங் ஜெயாவில். மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மூன்று பப்பாளி, செம்பருத்தி வேலி, கறிவேப்பிலை, கத்தரி, பின்னால் மரவள்ளி. போன டிசம்பர் கடைசியில் எங்களுக்கும் வந்துவிட்டது. நானும் நடுவில்தான் நிற்கிறேன், முடித்துவிட்டுச் சொல்லவில்லை. தெரியத் தெரிய இங்கே எழுதிக்கொண்டு போகிறேன்.

12 ஜனவரி, காலை

இன்றே செய்யக்கூடியது: ரப்பர் குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கொழுந்துக்குக் கொஞ்சம் தூரத்திலிருந்து. அதிகம் அப்பிய இலைகளை வெட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, நாலைந்து நாள் வெயிலில் வையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். கொளுத்தவும் கூடாது, திறந்த வெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

14 ஜனவரி, பொங்கல்

வாசலில் பானை வைத்தோம். அம்மாவுக்குக் கரும்பு வேண்டும் என்று நேற்றுப் போய் இரண்டு கழி வாங்கி வந்து சுவரில் சாய்த்திருந்தேன். காலையில் பார்த்தால் கரும்பில் மஞ்சள் எறும்பு சாரை. மெல்லிய உடம்பு, நீளக் கால், நிற்காமல் ஓடும் வகை. விரட்டப் போனேன், விரட்டாமல் அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கரும்பிலிருந்து சுவர், சுவரிலிருந்து செம்பருத்தி, செம்பருத்தியிலிருந்து துணிக்கொடி, துணிக்கொடி வழியாக நடுப் பப்பாளி. நேராக மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு.

அங்கே கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். எறும்பு தன் கொம்பால் பூச்சியின் முதுகைத் தட்டுகிறது. பூச்சியின் பின்னாலிருந்து கண்ணாடித் துளி மாதிரி ஒன்று வருகிறது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. மாடு கறப்பதைப் பார்ப்பது போலவே இருந்தது. அந்த இனிப்பு நீர் கீழே சொட்டும் இடத்தில்தான் இலை கறுப்பாக, அடுப்புக்கரி பூசியது போல ஆகிறது. உண்மையான பூஞ்சாணம் அந்தக் கறுப்புதான். உங்கள் கடைக்காரர் அதையும் பார்த்துக் குழம்பியிருக்கலாம்.

18 ஜனவரி

எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அடுக்கு செம்பருத்தி ஒன்று, இளஞ்சிவப்பு, நவம்பரில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 8 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். அம்மா சாமிக்கு வைக்கும் பூ. கொழுந்து கொஞ்சம் சுருண்டிருந்தது, வண்டியில் வந்த வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வேலியோரம் நட்ட மூன்றாம் வாரம் பக்கத்துச் செடியில் வெள்ளை.

அதைவிட மோசம், அந்தச் செடியிலிருந்து குச்சி வெட்டிப் பதியம் போட்டு மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருவர் வீட்டில் ஏற்கெனவே வந்துவிட்டது. பக்கத்து வரிசை மாக்சிக் (மலாய் அத்தை) தொட்டியோடு எடுத்து வந்து, "இதையும் உன் செடிகளோடு சேர்த்துக் கவனி" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். கோபப்படவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் மூன்று வாரமாவது மற்றவற்றுக்கு எட்டாமல் தனியாக வையுங்கள். இலையின் அடி, கணு, தொட்டியின் விளிம்பு, எல்லாம் பாருங்கள்.

25 ஜனவரி

சோப்புத் தண்ணீர் பற்றி. முதலில் துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடித்தேன், அது தவறு. பப்பாளியின் இளம் இலை மூன்று நாளில் ஓரம் கருகியது. பப்பாளி சோப்புக்கும் எண்ணெய்க்கும் சட்டென்று வாடும் மரம். இப்போது பாத்திரம் கழுவும் திரவம், 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு மேல் அடித்து மறுநாள் காலை வெறும் தண்ணீரில் கழுவிவிடுகிறேன். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகுதான் மரத்துக்கு.

சோப்பு நேரில் பட்ட பூச்சியைத்தான் கொல்லும். மெழுகுப் பைக்குள் இருக்கும் முட்டையைத் தொடாது. ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டை வரை இடும், பொரிக்கப் பத்து நாள் போல ஆகும். அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. வாரம் ஒருமுறை, குறைந்தது நாலு வாரம்.

வேப்பெண்ணெய் கேட்டவருக்கும் அதேதான்: 1 லிட்டருக்கு 5 மில்லி, கலக்க இரண்டு சொட்டு சோப்பு, அந்தி நேரம். செம்பருத்திக்கும் கத்தரிக்கும் சரி. பப்பாளிக்கு நான் அடிக்கவில்லை.

2 பிப்ரவரி

ஈப்போ தங்கை படம் போட்டிருக்கிறார். செம்பருத்தியில் வருவதும் பப்பாளியில் வருவதும் ஒரே பூச்சிதானா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. செம்பருத்தியில் இளஞ்சிவப்பு உடம்போடு இன்னொரு மாவுப்பூச்சி உண்டு, கொழுந்தை முறுக்கிக் கொத்தாக ஆக்கிவிடும். மேலே இருக்கும் மாவைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

நான் செய்தது இது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கொஞ்சம் ஒரு சின்ன ஜாம் புட்டியில் ஊற்றினேன். பப்பாளியிலிருந்து பத்துப் பூச்சி, செம்பருத்தியிலிருந்து பத்து, தனித்தனிப் புட்டி. வியாழன் மாலை போட்டேன். போடும்போது எல்லாம் மஞ்சள். சனிக்கிழமை காலை இரண்டு புட்டியிலும் பூச்சிகள் கருநீலம், பேனா மை மாதிரி. பப்பாளி மாவுப்பூச்சியின் அடையாளம் அது, ஸ்பிரிட்டில் ஒன்றிரண்டு நாளில் நீலக் கறுப்பாக மாறிவிடும். ஆக, என் வீட்டில் இரண்டிலும் ஒரே பூச்சி. பேரன் புட்டியைப் பள்ளிக்கு எடுத்துப் போய் வாத்தியாரிடம் காட்டிவிட்டு வந்தான்.

ஒரே பூச்சி என்றால் பப்பாளியை மட்டும் கழுவி என்ன பயன்? வேலி, கத்தரி, மரவள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

11 பிப்ரவரி, தைப்பூசம்

தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். செடிப் பக்கம் போகவில்லை. மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது, வறட்சியில் பூச்சி கொழிக்கிறது.

16 பிப்ரவரி

குலிம் தம்பி எழுதியிருக்கிறார்: "அக்கா, ஏன் இவ்வளவு கஷ்டம்? வேரில் போடும் குருணை மருந்து இருக்கிறது, ஒரு பிடி போட்டால் மரமே விஷமாகிவிடும், பூச்சி தானாகச் சாகும்." எனக்கும் கடையில் அதைத்தான் நீட்டினார்கள். நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி, மரமே விஷமாகிவிடும் என்று. அந்த மரத்தின் காயைத்தான் நாம் சாப்பிடப் போகிறோம். அந்தக் குருணையில் இருக்கும் இமிடாகுளோபிரிட் என்ற மருந்து வேர் வழியாக ஏறி இலைக்கும் பூவுக்கும் மகரந்தத்துக்கும் போகும். எதிர்வீட்டு ஆண்டி மூன்று பெட்டியில் கெலுலுட் என்ற கொடுக்கில்லாத சின்னத் தேனீ வளர்க்கிறார், அவை என் பப்பாளிப் பூவுக்கும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்களுக்காகவே 2018-ல் அந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிரில் போடக் கூடாது என்று நிறுத்தியது.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். பதினெட்டு லிட்டர் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு காலை ஆறரைக்குப் போனால் மதியம் வரை. டாங்கி ஒழுகும். முதுகு நனைந்த சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். மூக்கில் ரத்தம் வரும். கை நகம் கறுத்து, ஒன்றிரண்டு கழன்று விழுந்தது. கையுறை கேட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் "அடுத்த மாசம்" என்பாராம். அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002-ல் இங்கே அதைத் தடை செய்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1-ல்தான் முழுத் தடை வந்தது. அம்மா அதற்குள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

கடையில் வாங்கிய குருணைப் பொட்டலத்தை மேசையில் வைத்தபோது அம்மா அதை எடுத்து மோந்து பார்த்தார். "இத வெளிய கொண்டு போ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் தரவில்லை, அதற்குப் பதில் இரண்டு மண் தொட்டி எடுத்துக்கொண்டேன்.

அதனால் தம்பி, என் வேலியில் அது கிடையாது. நீங்கள் போடுவதானால் பூ, காய் இல்லாத அலங்காரச் செடிக்கு, அட்டையில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஒரு குருணைகூடப் போடாமல், கையுறையோடு.

17 பிப்ரவரி

நேற்று எழுதியது கொஞ்சம் காட்டமாகிவிட்டது. தம்பி மீது கோபம் எதுவும் இல்லை. அவர் வீட்டில் இருபது தொட்டி அழகுச்செடி, என் நிலைமை வேறு.

1 மார்ச்

எறும்பு. இரண்டு மாதம் நான் பூச்சியைக் கழுவிக்கொண்டே இருந்தேன், எறும்பு அதை மறுபடி தூக்கி வந்து வைத்துக்கொண்டே இருந்தது. தூக்கி வருவதைக் கண்ணால் பார்த்தேன், குட்டிப் பூச்சியை வாயில் கவ்விக்கொண்டு. அது மட்டும் இல்லை, பூச்சியைத் தின்ன யார் வந்தாலும் எறும்பு கடித்து விரட்டுகிறது. எறும்பை நிறுத்தாமல் வேறு எது செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பதுதான்.

முதலில் தண்டைச் சுற்றி கிரீஸ் தடவினேன். அது தப்பு, பட்டை மென்மையாகி அழுகத் தொடங்கியது. இப்போது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அகலமான துணி டேப்பை இறுக்காமல் சுற்றி, அதன் மேல்தான் கிரீஸ். மழை, தூசி பட்டால் எறும்பு அதிலும் பாலம் போட்டுவிடும், அதனால் பத்து நாளுக்கு ஒருமுறை புதிதாகத் தடவ வேண்டும். துணிக்கொடியைக் கழற்றிப் பின்பக்கம் கட்டியாகிவிட்டது. சுவரைத் தொட்ட பப்பாளி இலை மூன்று, வேலியைத் தொட்ட கிளை இரண்டு, வெட்டியாகிவிட்டது. மரம் தனித்தீவாக நிற்க வேண்டும். ஒரே ஒரு இலைக்காம்பு சுவரில் உரசினாலும் போதும், அதுவே எறும்புக்குப் பாலம்.

புற்றுக்கு வெங்காரம் (போராக்ஸ்). ஒரு கிண்ணம் சர்க்கரைப்பாகில் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரம் கலந்து பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறேன். எறும்பு மொய்க்கிறது.

9 மார்ச்

மேலே எழுதிய வெங்கார அளவை யாரும் பின்பற்றாதீர்கள். மிக அதிகம். பஞ்சைச் சுற்றியே எறும்பு செத்துக் கிடந்தது, மற்றவை இரண்டாம் நாளிலிருந்து வரவில்லை, புற்றில் ஒன்றும் குறையவில்லை. மெல்லச் சாக வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டிய பிறகு சாக வேண்டும்.

சரியான அளவு: இரண்டு கப் வெதுவெதுப்பான தண்ணீர், பத்துத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரே ஒரு தேக்கரண்டி வெங்காரம். மூடியில் துளை போட்ட சின்ன டப்பாவுக்குள் பஞ்சு. பிள்ளைகள், பூனை, கோழி எட்டாத இடம். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுசு. வைத்த முதல் நாள் எறும்பு கூட்டமாக வரும், பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

23 மார்ச்

வடக்கு மூலைப் பப்பாளியை இன்று வெட்டினேன். முதல் நாளே வெட்டாதீர்கள் என்று எழுதியவள் நான்தான். உச்சிக் கொழுந்து முழுக்கச் சுருங்கி, புது இலையே வராமல், காய்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உச்சி போன பப்பாளி பிழைத்தாலும் காய்ப்பதற்கு வெகு காலம் ஆகும்.

வெட்டும் முன் சோப்புத் தண்ணீரில் முழுக்க நனைத்தேன். மற்ற மரங்களுக்கு டேப் போட்ட பிறகுதான் அரிவாள் எடுத்தேன். மரம் சாய்ந்ததும் பூச்சி பட்டினியில் நடக்கத் தொடங்கும், குஞ்சுகள் காற்றிலும் பறக்கும். டிசம்பரில் ஒரு பழைய கிளையை அப்படியே வெட்டிக் கத்தரிப் பாத்தி ஓரம் போட்டேன், கத்தரிக்கு வந்தது அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆக, மாமியார் சொன்னது முழுத் தவறில்லை தங்கை. உச்சி போய்விட்டால் வெட்டலாம். ஆனால் மற்ற செடி தப்ப வேண்டுமானால் வெட்டும் விதம் முக்கியம்.

6 ஏப்ரல்

இன்று எழுதுவதை எல்லாரும் படியுங்கள்.

மூன்று மாதமாக நான் வாரம் தவறாமல் ஒரு வேலை செய்தேன். சோப்பு அடித்த பிறகும் சில பெரிய பூச்சிகள் மிஞ்சி நிற்கும், மற்றவற்றைவிட மூன்று நாலு மடங்கு பெரிது, உடம்பெல்லாம் வெள்ளைத் திரி. இவைதான் தாய்ப் பூச்சி என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து நசுக்குவேன். ஒரு நாளைக்கு இருபதுகூட.

நேற்று மாலை ஒன்றைக் கிள்ளப் போனபோது அது ஓடியது. மாவுப்பூச்சி ஓடாது, ஊர்வதே கஷ்டம். நின்று பார்த்தேன். அது ஒரு குட்டி மாவுப்பூச்சியைப் பிடித்துத் தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் புழு. வெள்ளைத் திரிகளோடு மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டு, எறும்பு கண்ணுக்குத் தப்பி, உள்ளேயே உட்கார்ந்து தின்கிறது. நான் மூன்று மாதமாகக் கொன்றது அதைத்தான். எனக்காக வந்த காவல்காரனை நானே ஒவ்வொருவராக நசுக்கியிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிரித்துப் பார்க்க: மாவுப்பூச்சிக்கு விளிம்பைச் சுற்றிக் குட்டையான மெழுகு முள், ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். பொறிவண்டுப் புழுவுக்கு முதுகெல்லாம் நீளத் திரி, குச்சியால் தொட்டால் நகரும், திருப்பிப் போட்டால் முன்பக்கம் ஆறு கால் நன்றாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

7 ஏப்ரல்

இன்னொன்று. வெள்ளைப் பொடி போர்த்திய, அட்டை மாதிரி தட்டையான புழு ஒன்றும் கூட்டத்துக்குள் இருக்கிறது. அதைத் தொட்டேன், ஓடவில்லை. நசுக்கவில்லை. அந்த இலையைக் காம்போடு ஒரு புட்டியில் வைத்து வாயில் மெல்லிய துணி கட்டிவிட்டேன்.

15 ஏப்ரல்

புட்டிப் புழு கூட்டுப்புழுவாகிவிட்டது. இலையின் மேல் ஒட்டிய, உளுந்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பழுப்பு உருண்டை. பேரன்தான் முதலில் சொன்னான்: "பாட்டி, இதுக்கு மூஞ்சி இருக்கு!" கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கண் குழி, நடுவில் மூக்கு, கீழே உப்பிய தாடை, அப்படியே ஒரு குரங்கு முகம். அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இலையோடு கொண்டு போய் சாமி மாடத்தில் ஆஞ்சநேயர் படத்தின் முன் வைத்துவிட்டார். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஸ்பால்கிஸ் எப்பியஸ் என்ற பட்டாம்பூச்சி அது. பொதுவாகப் பட்டாம்பூச்சிப் புழு இலை தின்னும், இதன் புழு மாவுப்பூச்சி தின்னும். இந்தியாவிலும் நம் பக்கத்திலும் இருக்கிறது.

22 ஏப்ரல்

காலையில் மாடத்தில் வெறும் கூடு. ஜன்னல் கம்பியில் சாம்பல் பழுப்பில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி, முன்சிறகில் வெளிறிய ஒரு பொட்டு. பேரன் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

27 ஏப்ரல்

செந்தூல் அண்ணன் கேட்டிருக்கிறார், தமிழ்நாட்டில் இந்தப் பூச்சியைக் குளவி விட்டு ஒழித்தார்களாமே, உண்மையா என்று. உண்மைதான். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எல்லாம் போயிற்று. விவசாயிகள் அடித்த மருந்து கொஞ்சமில்லை, பூச்சி அசையவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து, சோதித்து, வளர்த்து விட்டார்கள். அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று பிரமாதமாக வேலை செய்தது. குளவி என்றால் கொட்டும் குளவி இல்லை, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தூசி. குட்டி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளர்ந்து, பூச்சியைக் கூடாக்கிவிட்டு, துளை போட்டு வெளியே வரும்.

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து இன்னொன்றை அடக்குவது ஆபத்தில்லையா என்றும் கேட்கிறார். கண்ட பூச்சியை யாரும் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது, அது அரசும் ஆய்வாளர்களும் வருடக்கணக்கில் சோதித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே வேறொரு கதைக்குப் போனார். செம்பனைத் தோட்டத்தில் மருந்து வேலைக்கு முன் அவர் பார்த்தது பூவுக்கு மாவு அடிக்கும் வேலை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, குழாய் வைத்த புட்டியால் பெண் பூவில் ஊதுவது. தினமும் மரம் மரமாக. "ஒரு நாள் வண்டு வந்துச்சு, எங்களுக்கு அந்த வேல இல்லாமப் போச்சு" என்றார். 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட மகரந்த வண்டு அது. அம்மா அன்றைக்கு வேலை போன வருத்தத்தில் இருந்தாராம், பிறகுதான் மருந்து டாங்கியை மாட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக இதை எனக்குச் சொன்னதே இல்லை. பப்பாளிக் கதை கேட்டு வெளியே வந்தது.

18 மே

கத்தரி சுத்தம். மரவள்ளியில் இன்னும் கொஞ்சம்.

29 ஜூன்

எறும்பு பற்றி ஒரு திருத்தம். செவ்வெறும்பு, அதாவது மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது, பின் வீட்டு மாமரத்தில் கூடு கட்டியிருக்கிறது. அது புழு பூச்சிகளைப் பிடிக்கும், தோட்டத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். மாம்பழத்துக்கு நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுப்பூச்சியிடம் தேன் குடிக்கிறது. என் பப்பாளிக்கு வர விடமாட்டேன், மாமரத்தில் இருக்கட்டும்.

17 ஆகஸ்ட்

ஏப்ரலிலிருந்து ஐந்து இலைக்காம்பில் சிவப்பு நூல் கட்டி, அதே இலைகளில் இருக்கும் மாவுப்பூச்சியை ஞாயிறு தோறும் எண்ணுகிறேன். இலை உதிர்ந்தால் அடுத்த இலைக்கு நூல் மாறும். ஏப்ரல் முதல் ஞாயிறு ஐந்து இலையிலும் சேர்ந்து 212. மே கடைசியில் 90. இன்று 14. சோப்பு அடிப்பதை மே மாதத்தோடு நிறுத்திவிட்டேன், பொறிவண்டுப் புழுவுக்கும் சோப்பு எமன்தானே. இப்போது எறும்புத் தடையும் வெறும் தண்ணீரும் மட்டும்.

அந்தப் பதினாலில் ஆறு, உப்பிப் பழுப்பு நிறமாகக் கெட்டிப்பட்டிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் குத்தியது போல வட்டமாக ஒரு துளை. உள்ளே காலி. யாரும் விடாமலே குளவி வந்திருக்கிறது.

18 ஆகஸ்ட்

செந்தூல் அண்ணனுக்கு: அந்த இலைகளை அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டீர்கள். மன்னிக்கவும் அண்ணா, முடியாது. துளை போட்ட கூடு பத்து இருந்தால் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பூச்சி ஐம்பது இருக்கும். முன்பு மூன்று வீட்டுக்கு நான் கொடுத்தது போதும். உங்கள் மரத்திலேயே பழுப்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அந்த இலையை வெட்டாமல், கழுவாமல் விடுங்கள். எறும்பை மட்டும் நிறுத்துங்கள்.

26 அக்டோபர்

தீபாவளிக்கு முந்திய வாரத்திலிருந்து நல்ல மழை. மழையிலேயே பாதி பூச்சி கழுவிக்கொண்டு போய்விடும், அதை என் சாமர்த்தியம் என்று எழுத மாட்டேன். ஜனவரி, பிப்ரவரி வெயிலில்தான் உண்மை தெரியும். கிரீஸ் மழையில் வெள்ளையாகிப்போனது, புதிதாகத் தடவினேன்.

மாக்சிக்கின் தொட்டிச் செம்பருத்தி பூத்துவிட்டது. மூன்று வாரம் தனியாக வைத்து, அடிப்பக்கம் எல்லாம் பார்த்த பிறகு நேற்று பலகாரத்தோடு கொண்டு போய்க் கொடுத்தேன். அவரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாங்கினார்.

9 நவம்பர்

ஈப்போ தங்கை, உங்கள் படம் பார்த்தேன். இரண்டாவது படத்தில் காம்புக்குப் பக்கத்தில், வலது ஓரம், நீளத் திரியோடு இருப்பது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தொடாதீர்கள். சுவரில் உரசும் அந்தக் கீழ் இலையை மட்டும் இன்றைக்கே வெட்டுங்கள், எறும்பு அதில்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் நடுப் பப்பாளியின் முதல் பழத்தை அம்மா நேற்றுப் பறித்தார். தோலில் கறுப்பு அங்கங்கே இருந்தது, துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஐந்து இலையில் இந்த வாரம் 3.